செட்டிநாட்டுக் கண்மாய்களில் வலசைப் பறவை பார்க்க: முதல்முறை வருபவர்களுக்கு

ஐப்பசி மழை இறங்கியதும் காரைக்குடி, திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கம் பறவை பார்க்க வரலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் வேடந்தாங்கலுக்குப் போவதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஊர் இது இல்லை. வேட்டங்குடி என்று ஒரு சரணாலயம் உண்டு. அதைத் தவிர, பறவைகள் ஊருக்கு ஊர் இருக்கும் கண்மாய்களில்தான் பிரிந்து கிடக்கும். எந்தக் கண்மாய்க்கு எப்போது போவது, யாரிடம் சொல்லிவிட்டு இறங்குவது, இதுவரை பார்க்காத ஒரு பறவை வந்து நின்றால் என்ன செய்வது என்று நான் தொடங்கிய காலத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தேதி குறிக்கும் முன் தண்ணீரை விசாரியுங்கள்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. கண்மாய்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஒரு வருடம் தீபாவளிக்கு முன்பே கண்மாய் பெருகிவிடும். அடுத்த வருடம் கார்த்திகை முடிகிறபோதும் பாதிக் கண்மாய்தான் இருக்கும். போன வருடம் ஒருவர் இன்ன தேதியில் வந்து நிறையப் பார்த்தார் என்பதற்காக நீங்களும் அதே தேதிக்கு டிக்கெட் போட்டால் வெறும் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

எந்தப் பறவை நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. முதல் இரண்டு மூன்று மழையில் கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேரும் ஆழமில்லாத பக்கத்தில், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பரவி, நடுநடுவே சேறு தெரியும். அந்த நாட்களில் பொரி உள்ளான், பச்சைக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் இறங்கும். வடக்கிலிருந்து இவை ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. சேறு எங்கே கிடைக்கிறதோ அங்கே நிற்கின்றன. கண்மாய் நிறைந்ததும் சேறு முங்கிப்போகும். உள்ளான்கள் வயல் ஓரத்துக்கும் சின்னக் குட்டைகளுக்கும் நகர்ந்துவிடும். அப்புறம் வாத்துகளின் முறை. நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை அக்டோபர் கடைசியில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டி, டிசம்பர், ஜனவரியில் கூட்டமாகும். ஆழமான தண்ணீர் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் கூழைக்கடாவுக்கும். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதும் சேறு மறுபடி தெரியும், உள்ளான்களும் திரும்பி வரும்.

வேட்டங்குடியில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதுவும் அங்குள்ள கண்மாய்களில் தண்ணீர் நின்றால்தான்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? தங்கப் போகும் இடத்துக்குப் போன் போட்டு “பறவை வந்திருக்கா?” என்று கேட்டால் “நிறைய இருக்கு, வாங்க” என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். “கண்மாய் பெருகிருச்சா? கலுங்கு போகுதா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் தப்பாகப் பதில் சொல்ல மாட்டார்கள். “கலுங்கு போகுது” என்றால் கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் வெளியேறுகிறது. வாத்துக்கும் நாரைக்கும் வரலாம், உள்ளானை எதிர்பார்க்க வேண்டாம். “பாதிக் கண்மாய்” என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. எனக்குப் பிடித்த பதில் இதுதான். “இப்பத்தான் ரெண்டு மழை” என்றால் உள்ளான் பார்க்க ஆசைப்படுபவர்கள் அன்றைக்கே கிளம்பலாம்.

வங்கக் கடலில் புயல் கரையைக் கடந்த மறுநாள், சாலை சரியாக இருந்தால், கண்மாய்ப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். கடலோரத்தை விட்டு வராத ஆலா வகைகள் காற்றில் அடித்துவரப்பட்டு உள்நாட்டுத் தண்ணீரில் நிற்பது அப்போதுதான். புயலன்றே போகக் கூடாது.

குறைந்தது மூன்று காலைகளை ஒதுக்குங்கள். ஒன்று மழைக்குப் போய்விடும்.

2. ஊர்ப் பெயரில் கவனம்

திருப்பத்தூர் என்று ரயிலில் முன்பதிவு செய்தால் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அது வேறு மாவட்டம். நமக்கு வேண்டிய திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே ரயில் நிலையமே கிடையாது. நீங்கள் இறங்க வேண்டியது காரைக்குடி.

வேட்டங்குடியும் ஒன்றுக்கு மேல் உண்டு. சீர்காழிப் பக்கம் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் தேடும்போது சரணாலயம் என்று சேர்த்துத் தேடுங்கள், அல்லது கொள்ளுகுடிப்பட்டி என்று போடுங்கள். திருப்பத்தூரிலிருந்து மேலூர் வழியாக மதுரை போகும் சாலையை ஒட்டி வரும்.

3. வந்து சேர்வது, தங்குவது, செலவு

சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் விரைவு வண்டி காரைக்குடியோடு நிற்கிறது. இராமேசுவரம் போகும் வண்டிகளிலும் சில இந்த வழிதான். விமானத்தில் வருபவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். சாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் சாதாரண லாட்ஜ் அறை ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். கானாடுகாத்தான் பக்கத்து அரண்மனை வீடுகளில் தங்கினால் அதைப்போலப் பல மடங்கு. பறவைக்காக மட்டும் வருபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறவருக்கு அந்த வீட்டின் முற்றத்தில் உட்கார நேரம் இருக்காது. வேட்டங்குடியே முக்கியம் என்றால் திருப்பத்தூரில் தங்குங்கள். முகூர்த்த நாட்களில் லாட்ஜ் முழுக்கக் கல்யாண வீட்டார் எடுத்துவிடுவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வண்டி வண்டியாக வருவார்கள். இந்த இரண்டையும் காலண்டரில் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

காரைக்குடி, திருப்பத்தூர், மதுரை வழித்தடத்தில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நவம்பரில் ஆறு மணியைத் தாண்டியதும் விடிந்துவிடும். அந்நேரத்துக்குக் கரையில் நிற்க வேண்டுமானால் பேருந்து உதவாது. தெரிந்தவரிடம் இருசக்கர வண்டி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கார் என்றால் நாள் வாடகையாக 2,500 முதல் 3,500 ரூபாய் வரை கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, காத்திருப்புக்குத் தனிப் பணமா, ஓட்டுநர் படி எவ்வளவு என்பதை முதல்நாளே பேசி முடியுங்கள். “பறவை பார்க்கப் போறோம், ஒரே இடத்துல ரெண்டு மணி நேரம் நிப்போம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோயில் சுற்றுலாவுக்குப் போகிற நினைப்பில் வரும் ஓட்டுநர் அரை மணி நேரத்தில் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார். கூட்டமெல்லாம் எழும்பிப் போய்விடும். மாற்று டயர் காற்றோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மாய்ப் பாதை நெடுகச் சீமைக்கருவேல முள்.

4. தாள்களும் அனுமதியும்

ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், இரண்டுக்கும் ஒரு நகல். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா பக்கத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் அதைக் கேட்பார்கள், அவர்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சரணாலயத்தில் வெறுமனே பார்ப்பதற்கும், படப்பிடிப்பு அல்லது ஆராய்ச்சிக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். கடிதத்தை மாவட்ட வன அலுவலர் மூலமாக அனுப்புங்கள். யார், எந்த நிறுவனம், எந்தத் தேதிகள், எத்தனை பேர், என்ன கருவிகள், படம் எதற்குப் பயன்படும் என்ற ஆறும் அதில் இருக்கட்டும். ஒன்று விட்டுப்போனாலும் கடிதம் திரும்பி வரும். பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே, அதாவது ஆவணியிலேயே அனுப்பிவிடுவது நல்லது. வாசலில் காவலரிடம் பேசிச் சரிக்கட்டலாம் என்று நினைத்து வராதீர்கள். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதாகத்தான் அது முடியும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஊர்க் கண்மாய்களுக்குத் தாள் எதுவும் தேவையில்லை. வாய்ச்சொல் தேவை. பல கண்மாய்களில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் போட்டிருப்பார். விடிகாலையில் முன்பின் தெரியாதவர் கழுத்தில் கருவியோடு கரையில் நின்றால் அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலில் ஊருக்குள் டீக்கடைக்குப் போங்கள். டீ குடியுங்கள். “ஐயா, கண்மாய்ல பறவை பாக்க வந்திருக்கோம், கரைமேல போகலாமா?” என்று பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவரே கூட வருவார். பைனாகுலரை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மடைப் பக்கம் எது மேயும் என்று அதற்கப்புறம் அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

5. கருவி

8x42 பைனாகுலர் போதும். எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். இணையத்தில் ‘100 மடங்கு’ என்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருவதை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். அந்த எண் பொய்.

பெரிய கண்மாயில் வாத்துக் கூட்டம் நடுத்தண்ணீரில், முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி நிற்கும். அதற்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) வேண்டும். முதல் வருடமே வாங்க வேண்டியதில்லை. குழுவில் ஒருவரிடம் இருந்தால் சரி. போன் கேமராவைப் பைனாகுலரின் கண்வில்லையில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்க வீட்டுமாடியிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். அது பின்னால் எவ்வளவு கைகொடுக்கும் என்பது எட்டாவது பகுதியில் தெரியும்.

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிய ஈபேர்ட், பறவையை அடையாளம் காண உதவ மெர்லின்; இரண்டு செயலிகளும் இலவசம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. இந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை அறையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க் கரையில் சிக்னலை நம்ப முடியாது.

6. கரையில் இறங்கியதும்

இந்த நிலம் கடலை நோக்கிக் கிழக்கே, தென்கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கமாகவும் உள்வாய் மேற்காகவும் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். ஆகவே காலையில் கரை, மாலையில் உள்வாய்ப் பக்கத்து வண்டிப்பாதை. எந்த வழிகாட்டியிலும் இதைப் படித்த நினைவில்லை, ஆனால் கருவி வாங்கும் பணத்தைவிட இது அதிகம் உதவும்.

கரையின் உச்சியில் வரிசையாக நடக்காதீர்கள். வானத்தை முதுகில் வைத்து நகரும் உருவம் பறவைக்கு நெடுந்தூரத்திலேயே தெரிந்துவிடும். கரைச் சரிவில் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் தாழைக்கோழி முதலில் வெளியே வரும், பின்னாலேயே மற்றவை.

கரையில் ஐயனார் கோயில் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள். ஊருணி வேறு, கண்மாய் வேறு. ஊருணி ஊருக்குக் குடிதண்ணீர், அதில் செருப்புக் காலோடு இறங்குவதை யாரும் பொறுக்க மாட்டார்கள். மற்ற இடங்களில் கெட்டியான ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் துளைத்துவிடும், புல்லுக்குள் விரியன் கிடக்கும். பனைமரத்திலோ மரக்கிளையிலோ கதண்டுக் (பெரிய விஷக் குளவி) கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும்; மேற்கே கறுத்தால் கரையை விட்டு வந்துவிடுங்கள், வெட்டவெளியில் நிற்கிற ஒரே உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஊருக்குள் நின்று, பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டிக் கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. கூட்டைவிட்டுத் தாய் எழுந்த சில நிமிடங்களில் காக்கையும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும்.

7. மழைக்காலத்தில் குழப்பும் பறவைகள்

புத்தகத்தில் இருக்கும் படத்தை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். வலசை வந்து இறங்கும் ஆண் வாத்து பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போலவே தவிட்டு நிறத்தில் இருக்கும். ஆண் நீலச்சிறகு வாத்தின் வெள்ளைப் புருவக்கோடு தெரிய மாசி கூட ஆகலாம். நீளவால் இலைக்கோழிக்கு இந்தப் பருவத்தில் நீள வால் இருக்காது. மஞ்சள்மூக்கு நாரையின் இளம்பறவை அழுக்குப் பழுப்பாக இருக்கும், வேறு ஏதோ நாரை என்று தோன்றும். உள்ளான்களில் விசிறிவால் உள்ளானையும் ஊசிவால் உள்ளானையும் உட்கார்ந்திருக்கும்போது பிரிக்க முயலாதீர்கள். எழும்பும்போது இறகின் பின்விளிம்பில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தால் விசிறிவால், இல்லையென்றால் ‘உள்ளான், வகை தெரியவில்லை’ என்று எழுதிவிடலாம். அப்படி எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

அறுவடை வயலில் நூற்றுக்கணக்கான வாத்து தெரிந்தால் பக்கத்தில் கோல் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள். மேய்ச்சல் வாத்து.

8. வழக்கமில்லாத பறவை வந்துவிட்டால்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் “செங்கால் நாரை வந்திருக்கு” என்று ஒரு செய்தி கிளம்பும். பெரும்பாலும் அது நத்தைகுத்தி நாரையாக இருக்கும். இந்த ஒரு சோடியைச் சரியாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் மற்றதற்கும் அதே முறைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நத்தைகுத்தி இங்கேயே இருக்கும் பறவை. கூடு கட்டும் பருவத்தில் சாம்பல் போய் உடம்பு நல்ல வெள்ளையாகிவிடும், சிறகு கறுப்பு. தூரத்தில் பார்த்தால் செங்கால் நாரை மாதிரியே இருக்கும். அலகைப் பாருங்கள். நத்தைகுத்தியின் மேலலகும் கீழலகும் நடுவில் சேராது, இடையே வெளிச்சம் தெரியும். ஆனால் இளம்பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. செங்கால் நாரையின் அலகு நேராக, ஈட்டி போல, நல்ல சிவப்பு. காலும் சிவப்பு. இங்கேயும் ஒரு சிக்கல்: வெயில் நாட்களில் நாரைகள் சூடு தணிய தம் கால்மீதே எச்சமிடும், சிவப்புக் கால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். கடைசியாக, எழும்பும்போது வாலைப் பாருங்கள். செங்கால் நாரைக்கு வால் வெள்ளை, நத்தைகுத்திக்குக் கறுப்பு. அலகு, கால், வால் மூன்றும் ஒத்துப்போனால் நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படலாம். இப்பக்கத்துக்கு அது அரிய விருந்தாளி.

அரிதாக ஏதோ நிற்கிறது என்று தோன்றினால் வரிசை இதுதான்.

புத்தகத்தைத் திறக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையைவிடப் பெரிதா சிறிதா, அலகின் நீளம் தலையைப்போல் எத்தனை மடங்கு, கால் நிறம், கண்ணைச் சுற்றி என்ன, சிறகு விரித்தால் எங்கே வெள்ளை, எப்படி மேய்கிறது. படத்தைப் பார்த்த பிறகு மனசு தான் பார்க்காததையும் பார்த்ததாகச் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்தது படம். அழகாக இருக்க வேண்டியதில்லை. மங்கலான படமானாலும் பக்கத்தில் ஒரு கொக்கோ வாத்தோ சேர்ந்து விழுந்திருந்தால் அளவு தெரியும், அது நெருக்கமாக எடுத்த தனிப்படத்தைவிட மதிப்பு. தானாக எழும்பும் வரை காத்திருந்து சிறகும் வாலும் தெரிய எடுங்கள். ஒரு நிமிட வீடியோவும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அதில்தான் தேதியும் நேரமும் இருக்கின்றன. வாட்ஸாப்பில் அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தில் அது இருக்காது.

கூட வந்தவரிடம் பெயரைச் சொல்லாமல் பார்க்கச் சொல்லி, அவர் குறிப்பைத் தனியே எழுதச் சொல்லுங்கள். இரண்டு குறிப்பும் சேர்ந்தால்தான் பலம்.

சரி, இப்போது ஈபேர்ட். பட்டியலைத் தொடங்கும்போதே இடத்தை ‘காரைக்குடி’ என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் அந்தக் கண்மாயின்மேல் புள்ளி வையுங்கள். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்பதெல்லாம் சரியாக இருக்கட்டும். அன்றைக்குப் பார்த்த மைனா, காக்கை உட்பட எல்லாவற்றையும் சேர்த்து முழுப்பட்டியலாகக் கொடுங்கள். அரிய பறவையை மட்டும் தனியே போட்டால் அன்று அந்தக் கண்மாயில் வேறு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். இந்தப் பகுதியில் இந்தப் பருவத்தில் வழக்கமில்லாத பறவை என்றால் செயலியே விவரம் கேட்கும். அங்கே “தெளிவாகப் பார்த்தேன்” என்று எழுதுவதில் பயனில்லை, “மெர்லின் சொன்னது” என்பதும் சான்றாகாது. உங்கள் ஐந்து நிமிடக் குறிப்பை அப்படியே எழுதுங்கள். எந்தப் பறவையோடு குழம்பலாம், அது ஏன் இல்லை என்பதையும் ஒரு வரி சேருங்கள். தமிழில் எழுதலாம், சரிபார்ப்பவர் வேறு மாநிலத்துக்காரராக இருக்கக்கூடும் என்பதால் ஆங்கிலத்திலும் இரண்டு வரி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். மின்னஞ்சலில் கேள்வி கேட்கலாம், சில வாரங்கள் ஆகலாம். உறுதி செய்ய முடியவில்லை என்று பதில் வந்தால் உங்களைப் பொய் சொன்னதாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்தச் சான்று போதவில்லை, அவ்வளவுதான். பட்டியல் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அந்தப் பறவை இன்னும் நின்றால் நல்ல படத்தோடு மறுபடி கொடுக்கலாம்.

9. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது

கூடு கட்டியிருக்கும் பறவை என்றால் இடத்தை எங்கும் பகிர வேண்டாம். குஞ்சு பறந்த பிறகு சொல்லலாம்.

வலசை வந்து தங்கியிருக்கும் பறவை என்றால் சொல்வதில் தப்பில்லை, ஆனால் முதலில் ஊராரிடம் கேளுங்கள். கண்மாய்க்குக் கீழே இருப்பது வளர்ந்து நிற்கும் நெல். பத்து கார் வந்து கரைமேல் ஏறினால் மழையில் ஊறிய கரை இளகிவிடும், வரப்பில் நடந்தால் பயிர் மிதிபடும். “வண்டி எங்க நிறுத்தலாம், எந்தப் பக்கம் நடக்கலாம்?” என்று கேட்டு, இடத்தைப் பகிரும் செய்தியிலேயே அதையும் எழுதுங்கள். அந்தப் பெரியவரின் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் போடாதீர்கள்.

காலில் வளையம் தெரிந்தால் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எழுத்துகள் என்ன என்பதைப் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். நாட்டில் பறவைகளுக்கு வளையமிடும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவர்கள் அவர்கள். வளையம் படிக்க வேண்டும் என்பதற்காகப் பிடிக்கவோ துரத்தவோ வேண்டாம். வலையோ கண்ணியோ விற்பனைக்குக் கட்டிவைத்த பறவையோ கண்ணில் பட்டால் நீங்களாகத் தகராறு செய்யாமல் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்; சட்டப்படி அது குற்றம், நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

10. ஜனவரி

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதிவுக் கட்டணம் கிடையாது, யாரும் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி ஈபேர்டில் ஏற்ற வேண்டும். ஐப்பசியில் நீங்கள் போன அதே கண்மாய்க்கு அப்போதும் போங்கள். காரைக்குடி வண்டிகளில் பொங்கலுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ரயில் முன்பதிவு திறக்கிற நாளிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள்.